ஆள் பார்க்காத நேரத்து ஒழுக்கம்

ஹெவ்லொக் டவுன் பெற்றோர், ஆசிரியர், மாணவர் இயக்கத்தின் கொள்கைப் பிரகடனம்

முகவுரை

ஹெவ்லொக் வீதியின் இரு பக்கத்திலும், தெற்கே பாமன்கடை வரையிலும் மேற்கே வெள்ளவத்தை, பம்பலப்பிட்டிக் கடற்கரை வரையிலும் வாழும் பெற்றோரும், இப்பகுதிப் பாடசாலைகளில் கற்பிக்கும் ஆசிரியரும், அங்கே படிக்கும் பிள்ளைகளும், படித்து வெளியேறியவர்களும் கூடி இந்தப் பிரகடனத்தை வெளியிடுகிறோம். கொட்டாஞ்சேனையிலிருந்தும் பலர் எங்களோடு சேர்ந்திருக்கிறார்கள்.

1945 ஒக்டோபர் 1 முதல் இந்த நாட்டில் கல்வி இலவசம். சி. டபிள்யூ. டபிள்யூ. கன்னங்கர தலைமையிலான குழு 1943இல் கொடுத்த அறிக்கையின் பயன் அது. 1980இல் பாடநூல்கள் இலவசமாயின. 1993இல் சீருடைத் துணியும் கிடைத்தது. 1998இல் ஐந்து முதல் பதினான்கு வயது வரை பாடசாலைக்குப் போவது கட்டாயமானது. 2016இல் அந்த எல்லை பதினாறுக்கு உயர்ந்தது. இவற்றில் ஒன்றையும் நாங்கள் குறைத்து மதிக்கவில்லை. எங்களில் பெரும்பாலோர் அந்தப் பாடநூலிலும் அந்தத் துணியிலும் வளர்ந்தவர்கள்.

ஐந்து வயதில் உள்ளே போகும் பிள்ளை உயர்தரம் எழுதிவிட்டு வெளியே வரப் பதின்மூன்று வருடமாகிறது. இத்தனை காலம் தன் பிள்ளைகளை ஒரு நிறுவனத்திடம் ஒப்படைக்கும் சமூகம் வீதியில், பஸ்ஸில், வைத்தியசாலை வரிசையில், பாராளுமன்றத்தில் எப்படி நடந்துகொள்கிறது என்பதற்கு அந்த நிறுவனமும் பதில் சொல்லியாக வேண்டும். அந்தப் பதிலைத்தான் நாங்கள் கேட்க வந்திருக்கிறோம்.

எங்கள் நிலைப்பாடு இதுதான். தன்னைத் தானே ஆளும் பழக்கம் கல்வியின் முதற்பயன். நம் பாடசாலைகள் அதைப் பழக்குவதாக நினைத்துக்கொண்டு கண்காணிப்புக்கு அடங்குவதைப் பழக்குகின்றன. இரண்டும் வெளிப்பார்வைக்கு ஒன்றுபோலத் தெரியும். கண்காணிப்பவர் அப்பால் போனதும் வித்தியாசம் தெரிந்துவிடும்.

1. நாங்கள் காண்பது

ஆசிரியர் ஏதோ அலுவலாகப் பத்து நிமிடம் வெளியே போகிறார். வகுப்புத் தலைவி எழுந்து பலகையின் ஓரத்தில் ‘கதைத்தவர்கள்’ என்று எழுதி, கீழே ஒரு கோடு இழுக்கிறாள். ஒரு பெயர் ஏறுகிறது. அந்தப் பெயருக்குரியவள் “நான் அழிறப்பர்தானே கேட்டனான்” என்கிறாள். அதற்கும் ஒரு புள்ளடி விழுகிறது. தலைவியின் பக்கத்தில் இருப்பவள் முழு நேரமும் கதைத்துக்கொண்டிருக்கிறாள். அவள் பெயர் ஏறவில்லை. இன்னொருத்தி ஒரு டொபியை நீட்டியதும் ஒரு புள்ளடி அழிகிறது. காலடிச் சத்தம் கேட்டதும் வகுப்பு அமைதியாகிறது. ஆசிரியர் பலகையைப் பார்த்துவிட்டு, பெயருள்ளவர்களை எழும்பி நிற்கச் சொல்கிறார்.

இந்தப் பத்து நிமிடத்தை அனுபவிக்காத தமிழர் இந்த நாட்டில் குறைவு. யாரிடம் சோக்கட்டி இருக்கிறதோ அவரோடு ஒத்துப்போக வேண்டும், ஒழுங்கு என்பது பெயர் எழுதப்படாமல் தப்புவது, தலைமை என்பது காட்டிக்கொடுப்பது ஆகிய மூன்றையும் நாற்பது பிள்ளைகள் அந்தப் பத்து நிமிடத்தில் கற்கிறார்கள். சத்தம் போடாமல் பத்து நிமிடம் தன் வேலையைத் தானே பார்ப்பது எப்படி என்பதை மட்டும் யாரும் கற்கவில்லை.

வாசலுக்குப் போனால் மாணவர் தலைவர்கள் நகத்தையும் கழுத்துப்பட்டியையும் தலைமயிரையும் பார்க்கிறார்கள். பிந்தி வந்தவர்கள் வரிசையாக நின்று முற்றத்தில் குப்பை பொறுக்குகிறார்கள். யப்பானியப் பிள்ளைகள் தினமும் தங்கள் வகுப்பறையைத் தாங்களே கூட்டித் துடைக்கிறார்கள். அங்கே அது எல்லோருக்கும் உரிய நாளாந்த வேலை. இங்கே அதே வேலை தண்டனை. குப்பை பொறுக்குவது குற்றவாளியின் வேலை என்று ஐந்து வயதிலேயே சொல்லிக்கொடுத்துவிட்டு, காலி வீதியில் ஏன் குப்பை கிடக்கிறது என்று நாம் கேட்கிறோம்.

பிற்பகல் ஒன்றரைக்கு மணி அடிக்கிறது. காலையில் நேர்கோட்டில் நின்ற அதே வெள்ளைச் சட்டைகள் வான் கதவில் முண்டியடிக்கின்றன. யன்னலால் கடதாசி பறக்கிறது. மார்ச் மாதம் பிக் மேட்ச் வாரம் வந்தால், வருடம் முழுவதும் வாய் திறக்காத பையன்கள் லொறியில் ஏறி, பெண்கள் பாடசாலை மதில்களைத் தாண்டிக் குதித்து, பொலிசார் தலையிடும் அளவுக்குப் போகிறார்கள். நல்ல பிள்ளைகள்தான். மூடி இறுக்கியிருந்த பாத்திரம் திறந்ததும் பொங்குகிறது.

இவை சின்ன விஷயங்கள் என்று சொல்பவர்கள் பல்கலைக்கழகங்களைப் பார்க்கட்டும். உயர்தரத்தில் வடிகட்டி எடுக்கப்பட்ட பிள்ளைகள் போகும் இடம் அது. 1997இல் பேராதனைப் பொறியியல் பீட மாணவர் ஒருவர் பகிடிவதையால் உயிரிழந்தார். அடுத்த வருடம் 20ஆம் இலக்கச் சட்டம் பகிடிவதையைத் தடைசெய்தது. சட்டம் வந்து கால் நூற்றாண்டுக்கு மேலாகியும் பகிடிவதை ஒழியவில்லை. வதைத்தவர்கள் எல்லோரும் பாடசாலையில் ஒழுக்கக் குறைவாக இருந்தவர்கள் அல்லர். மேலே இருப்பவர் கீழே இருப்பவரை என்னவும் செய்யலாம் என்பதைப் பதின்மூன்று வருடம் பார்த்து வந்தவர்கள், தங்கள் முறை வந்ததும் அதைச் செய்கிறார்கள்.

எங்கள் பகுதி மறக்க முடியாத ஒன்றையும் சொல்லியாக வேண்டும். 1983 ஜூலையில் கொழும்பில் கும்பல்கள் வாக்காளர் பட்டியல்களைக் கையில் வைத்துக்கொண்டு தமிழர் வீடுகளைத் தேடி வந்தன. வெள்ளவத்தை எரிந்தது. அப்போது இலவசக் கல்விக்கு வயது 37. வந்தவர்கள் பள்ளிக்கூடம் போனவர்கள். பட்டியல் வாசிக்கத் தெரிந்தவர்கள். கும்பலுக்கு நடுவில் நின்று ‘நான் இதைச் செய்யமாட்டேன்’ என்று சொல்லும் வலுவை எந்தப் பாடசாலையும் அவர்களுக்குக் கொடுத்திருக்கவில்லை. அதே வாரத்தில் தங்கள் வீடுகளில் அயலவரை ஒளித்து வைத்த சிங்கள, முஸ்லிம் குடும்பங்களும் இருந்தன. அந்த வலு மனிதரிடம் உண்டு என்பதற்கு அவர்கள் சாட்சி. அதை ஏன் வகுப்பறையில் வளர்க்க முடியாது என்பது எங்கள் கேள்வி.

2. இந்த முறை எங்கிருந்து வந்தது

இதில் ஒரு பகுதி எங்களிடமிருந்தே போனது. 1789இல் சென்னை எழும்பூரில் இராணுவ அநாதைச் சிறுவர் இல்லத்தின் பொறுப்பை ஏற்ற அன்ட்ரூ பெல் என்ற ஸ்கொட்லாந்துப் பாதிரியார், உள்ளூர்ப் பள்ளியொன்றில் பிள்ளைகள் மணலில் விரலால் எழுத்துப் பழகுவதைக் கண்டார். ஒரு பிள்ளை இன்னொரு பிள்ளைக்குச் சொல்லிக்கொடுக்கும் முறையைத் தன் இல்லத்தில் புகுத்தினார்; எட்டு வயதுப் பையன் சின்னஞ்சிறு பிள்ளைகளுக்கு எழுத்துக் கற்பித்தான். 1797இல் லண்டனில் அவர் அதைப் பற்றி எழுதி வெளியிட, ‘மெட்ராஸ் முறை’ என்ற பெயரில் அது இங்கிலாந்து முழுவதும் பரவியது. எங்கள் திண்ணைப் பள்ளிச் சட்டாம்பிள்ளை கப்பலேறிய கதை இது.

திரும்பி வந்தபோது ஆள் மாறிவிட்டார். இங்கிலாந்தின் உறைவிடப் பாடசாலைகளில், குறிப்பாக 1828 முதல் 1842 வரை ரக்பி பாடசாலையின் அதிபராயிருந்த தோமஸ் ஆர்னல்ட் காலத்தில், மூத்த மாணவர் கையில் மற்ற மாணவரை ஆளும் அதிகாரம் உறுதிப்பட்டது. அந்த ‘பிரிஃபெக்ட்’ சின்னம்தான் கொழும்புப் பாடசாலைகளுக்கு வந்து சேர்ந்தது. தம்பிக்குப் பாடம் சொல்லிக்கொடுக்கும் கடமை வழியில் உதிர்ந்துவிட்டது. பெயர் எழுதும் அதிகாரம் மிஞ்சியது. திண்ணைப் பள்ளியை நாங்கள் பொற்காலம் ஆக்கவில்லை. அங்கே பிரம்பும் கோதண்டமும் இருந்தன. பெண்பிள்ளைகளுக்கும் ஒடுக்கப்பட்ட சாதிப் பிள்ளைகளுக்கும் திண்ணை மறுக்கப்பட்டது. ஆனால் தெரிந்தவன் தெரியாதவனுக்குச் சொல்லிக்கொடுப்பது என்ற நல்ல பழக்கத்தை இழந்து, கெட்டதை மட்டும் காப்பாற்றி வைத்திருக்கிறோம்.

மறுபகுதி ஆலையிலிருந்து வந்தது. ஹெவ்லொக் சிட்டி அடுக்குமாடிகள் இன்று நிற்கும் காணியில் வெள்ளவத்தை நூற்பு நெசவாலை இருந்தது. 1933இல் கொல்வின் ஆர். டி சில்வா முன்னின்ற வேலைநிறுத்தம் அந்த ஆலையில் நடந்தது. ஆலைக்குத் தேவைப்பட்டவர்கள் மணிக்கு வந்து, சொன்ன இடத்தில் நின்று, கேள்வி கேட்காமல் வேலை செய்பவர்கள். உலகம் முழுவதும் அந்தக் காலத்துப் பாடசாலைகள் அத்தகையவர்களைப் பழக்கிக் கொடுத்தன. இன்று அதே காணியில் குடியிருக்கும் பலருக்கு மேற்பார்வையாளர் பக்கத்தில் நிற்பதில்லை. கணினிக்கு முன் தனியே இருந்து, தங்கள் நேரத்தைத் தாங்களே பிரித்து, வேறு நாட்டில் இருப்பவரோடு ஒத்துழைத்து வேலை முடிக்கிறார்கள். ஆலை இடிக்கப்பட்டுவிட்டது. அதற்கு ஆள் பழக்கிய முறை மட்டும் எங்கள் பாடசாலைகளில் இடிபடவில்லை.

3. தன்னடக்கம் எப்படி வளர்கிறது

தன்னடக்கம் முக்கியமில்லை என்று நாங்கள் சொல்லவில்லை. நியூசிலாந்தின் டனீடின் நகரில் 1972-73இல் பிறந்த ஆயிரத்துக்கு மேற்பட்ட பிள்ளைகளை ஆய்வாளர்கள் பிறப்பிலிருந்து தொடர்ந்து கவனித்து வருகிறார்கள். சிறு வயதில் தன்னடக்கம் கூடியவர்களாய் இருந்தவர்கள் முப்பத்திரண்டு வயதில் உடல்நலத்திலும் பண நிலையிலும் முன்னே நின்றார்கள். குற்றவழக்குகளில் குறைவாகவே சிக்கினார்கள். 2011இல் இந்த முடிவு வெளியானது. ஆகவே கேள்வி, அதை எப்படி வளர்ப்பது என்பதுதான்.

அமெரிக்காவில் வோல்ட்டர் மிஷெல் 1960களின் பிற்பகுதியில் தொடங்கிய மிட்டாய்ச் சோதனையைப் பலர் அறிவார்கள். இப்போதே ஒன்றைத் தின்னலாம். காத்திருந்தால் இரண்டு கிடைக்கும். காத்திருந்த பிள்ளைகள் பிற்காலத்தில் நன்றாகப் படித்தார்கள் என்ற செய்தி எங்கள் ரியூசன் ஆசிரியர்களின் மேடைப் பேச்சு வரை வந்துவிட்டது. 2018இல் பெரிய எண்ணிக்கையான பிள்ளைகளை வைத்து மீண்டும் பார்த்தபோது, குடும்பப் பின்னணியைக் கணக்கில் எடுத்ததும் அந்தத் தொடர்பு பெரிதும் குறைந்துவிட்டது. இந்தப் பகுதியை மேடையில் யாரும் சொல்வதில்லை.

எங்களுக்கு அதைவிட முக்கியமான சோதனை, றொச்செஸ்டர் பல்கலைக்கழகத்தில் செய்யப்பட்டு 2013இல் வெளியானது. பிள்ளையிடம் பழைய, தேய்ந்த கிரயோன்களைக் கொடுத்து, “கொஞ்சம் பொறு, நல்லதாகக் கொண்டுவருகிறேன்” என்று பெரியவர் ஒருவர் வெளியே போகிறார். சில பிள்ளைகளுக்குச் சொன்னபடியே நல்ல கிரயோன்கள் வந்தன. மற்றவர்களிடம் பெரியவர் வெறுங்கையோடு வந்து, “மன்னித்துக்கொள், இல்லை” என்றார். அதன் பிறகுதான் மிட்டாய்ச் சோதனை. வாக்குக் காப்பாற்றப்பட்ட பிள்ளைகள் சராசரியாகப் பன்னிரண்டு நிமிடம் காத்திருந்தார்கள். ஏமாற்றப்பட்டவர்கள் காத்திருந்தது மூன்று நிமிடம். பொறுமை பிள்ளையின் தலைக்குள் மட்டும் இருக்கும் சரக்கில்லை. பெரியவர்களின் வாக்கை நம்பலாமா என்ற அனுபவத்தில் அது ஊன்றி நிற்கிறது.

இனி எங்கள் வீடுகளைப் பார்ப்போம். “புலமைப்பரிசில் முடியட்டும், பிறகு விளையாடு” என்று மூன்றாம் தரத்துப் பிள்ளைக்குச் சொல்கிறோம். பரீட்சை முடிகிறது, ஆறாம் தரத்துக்குப் புது ரியூசன் தொடங்குகிறது. “சாதாரண தரம் முடியட்டும்” என்கிறோம். பரீட்சை முடிந்த அடுத்த கிழமையே உயர்தர வகுப்பு. “கம்பஸ் கிடைக்கட்டும்” என்கிறோம். இரண்டாவது மிட்டாய் வரவே இல்லை. பத்து வருடமாகத் திரும்பத் திரும்ப வாக்குத் தவறியவர்கள், பிள்ளைக்குப் பொறுமையில்லை, எந்நேரமும் போனுக்குள்தான் கிடக்கிறது என்று குறை சொல்கிறோம். போன் கேட்டவுடன் கொடுக்கிறது. பிள்ளை அதை நம்புகிறது.

முதலாம் தர அனுமதியை எடுங்கள். பெயர்பெற்ற பாடசாலைக்கு அருகில் குடியிருப்பதாகக் காட்ட வேண்டும் என்பதற்காக வாடகை ஒப்பந்தமும் மின்சாரப் பட்டியலும் தயாராகின்றன. வீடு பார்க்கக் குழு வந்தால் எந்த அறையைத் தன் அறை என்று காட்ட வேண்டும் என்று பிள்ளைக்குச் சொல்லிக்கொடுக்கிறோம். அந்தப் பிள்ளை தன் முதலாவது பாடசாலைக்குப் போகும் முன் அம்மாவிடமும் அப்பாவிடமும் கற்ற முதற்பாடம் பொய். பிறகு அதே பாடசாலையின் சுவரில் ‘வாய்மை’ என்று எழுதியிருப்பதை அது எழுத்துக்கூட்டி வாசிக்கிறது.

4. பிரம்பு

“கண் ரெண்டையும் விட்டிட்டு மிச்சத்தை உரிச்செடுங்கோ, சேர்” என்று தகப்பன்மார் பிள்ளையை ஒப்படைத்த காலம் முற்றாகப் போய்விடவில்லை. 1883ஆம் ஆண்டுத் தண்டனைச் சட்டக்கோவை, ஆசிரியர் நியாயமான அளவில் மாணவனை அடிப்பதைக் குற்றமாகாத செயலுக்கு உதாரணமாகவே எழுதி வைத்தது. கல்வி அமைச்சின் 2005/17 சுற்றறிக்கை பாடசாலையில் உடல் தண்டனையைத் தடைசெய்தது. 2021 பெப்ரவரியில், ஆசிரியர் அறைந்ததால் மாணவர் ஒருவரின் செவிப்புலன் பாதிக்கப்பட்ட வழக்கில், அது அரசியலமைப்பின் உறுப்புரை 11 உறுதிசெய்யும் உரிமையை மீறியது என்று உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்தது.

‘அடியாத மாடு படியாது’ என்று சொல்பவர்களுக்கு எங்கள் பதில்: மாடு படிந்தால் போதும், அது ஏர் இழுக்கும். பிள்ளை படிந்தால் போதாது; நாளை அது வாக்களிக்க வேண்டும், பிள்ளை வளர்க்க வேண்டும், தவறான கட்டளை வந்தால் மறுக்க வேண்டும். அடிக்குப் பயந்த பிள்ளை அடிப்பவர் இல்லாத இடத்தைத் தேடும். இன்னொன்றையும் அது கற்கிறது. கோபம் வந்த பெரியவர் கையை ஓங்கலாம் என்பதுதான் அது. தன் கையையே அடக்கத் தெரியாதவர் தன்னடக்கம் கற்பிக்க முடியாது.

ஆசிரியர்களை நாங்கள் குற்றவாளிக் கூண்டில் ஏற்றவில்லை. நாற்பது பிள்ளைகள், நாற்பது நிமிடம், முடிக்க வேண்டிய பாடத்திட்டம், தலைக்கு மேலே பரீட்சைப் பெறுபேறு. பிரம்பை வைத்துவிடச் சொன்ன சுற்றறிக்கை, அதற்குப் பதிலாக எதைக் கையில் எடுப்பது என்பதை ஒவ்வொரு வகுப்பறைக்கும் போய்ச் சொல்லிக்கொடுக்கவில்லை. அந்தக் குறை ஆசிரியருடையதல்ல.

5. மதிலுக்கு அப்பால்

1944இல் மரியா மொன்டிசூரி இலங்கைக்கு வந்தார். பிள்ளை தானே தெரிந்தெடுத்த வேலையில் மூழ்கும்போது தன்னைத் தானே அடக்கப் பழகுகிறது என்பது அவர் கண்டது. இன்று எங்கள் ஒழுங்கைகள் தோறும் அவர் பெயரில் பாலர் பாடசாலைகள் உண்டு. அவற்றில் பல, நான்கு வயதுப் பிள்ளையை ஒற்றைக்கோட்டுக் கொப்பிக்கு முன் உட்கார வைத்து முதலாம் தரத்துக்குத் தயார்ப்படுத்துகின்றன.

1958இல் கொழும்பு நாலந்தா கல்லூரி ஆசிரியர் ஏ. ரி. ஆரியரத்ன, தன் மாணவர்களை அழைத்துக்கொண்டு கனத்தொலுவ என்ற கிராமத்துக்குப் போனார். சாதியின் பேரால் ஒதுக்கப்பட்ட மக்கள் வாழ்ந்த ஊர் அது. நகரத்துப் பையன்கள் அந்த மக்களோடு தங்கி மண் வெட்டினார்கள். சர்வோதய சிரமதான இயக்கம் அதிலிருந்து வளர்ந்தது. ஒரு பாடசாலை ஆசிரியரால் தொடங்கக்கூடியது எவ்வளவு என்பதற்கு இந்த நாட்டிலேயே உள்ள சான்று இது.

எங்கள் பிள்ளைகளுக்கு அந்த வாய்ப்பு இல்லை. தமிழ்மொழிமூலம் ஒரு பக்கம், சிங்களமொழிமூலம் மறு பக்கம். ஒரே மதிலுக்குள் இரண்டும் நடக்கும் பாடசாலைகளிலும் இடைவேளையில்கூடப் பலர் கலப்பதில்லை. ஹெவ்லொக் டவுனில் ஒரே மாடியில் எதிரெதிர்க் கதவில் வாழும் இரண்டு பிள்ளைகள் பதின்மூன்று வருடம் வேறு வேறு வானில் போய் வந்து, லிஃப்டில் சந்தித்தால் ஆங்கிலத்தில் ஒரு சொல் பேசிக்கொள்கிறார்கள். தாய்மொழியில் கற்கும் உரிமையை நாங்கள் விட்டுக்கொடுக்கவில்லை. ஆனால் மற்றவரோடு பழகும் ஒழுக்கம் மற்றவர் இல்லாத இடத்தில் வளராது. குடியியற் கல்விப் புத்தகத்தை மனனம் செய்து அதைப் பெற முடியாது.

6. எங்கள் கொள்கைகள்

ஆகவே நாங்கள் பிரகடனம் செய்வதாவது:

1. பாடசாலை ஒழுக்கத்தின் அளவுகோல், பெரியவர் இல்லாத நேரத்தில் பிள்ளைகள் ஒருவரோடொருவர் நடந்துகொள்ளும் விதம்.

2. பொறுப்பைக் கொடுக்காமல் பொறுப்புணர்வை எதிர்பார்க்க முடியாது. வகுப்பு விதிகளை அந்த வகுப்புப் பிள்ளைகளே ஆசிரியரோடு இருந்து எழுதி, தவணைக்கு ஒருமுறை திருத்த வேண்டும்.

3. பெரியவர்கள் வாக்கைக் காப்பாற்றும் இடத்தில் மட்டுமே பிள்ளைகள் பொறுமை கற்பார்கள். காப்பாற்ற முடியாத வாக்கைக் கொடுக்கக் கூடாது.

4. அடி, அவமதிப்பு, மற்றப் பிள்ளைகள் முன் ஏளனம் ஆகிய மூன்றும் கல்வி ஆகா. தவறு செய்தவர் அந்தத் தவறைச் சீர்செய்ய வழி வேண்டும்: உடைத்தவர் ஒட்டட்டும், புண்படுத்தியவர் நேரில் பேசட்டும்.

5. துப்புரவு எல்லோருடைய வேலை. அதை எவருக்கும் தண்டனையாக விதிக்கக் கூடாது.

6. விளையாட்டு பரிசுப்பொருளில்லை, அது பாடம். விதியை ஏற்பதும் தோற்பதும் தன் முறைக்குக் காத்திருப்பதும் மைதானத்தில்தான் பழகுகின்றன.

7. தமிழ், சிங்கள, முஸ்லிம் பிள்ளைகள் சேர்ந்து ஒரு வேலையை முடிக்கும் அனுபவம் எந்தப் பாடசாலைக் கல்வியிலும் இருந்தாக வேண்டும்.

7. எங்கள் கோரிக்கைகள்

கல்வி அமைச்சிடம்: உடல் தண்டனை பற்றிய சுற்றறிக்கையை ஒவ்வொரு பாடசாலை அறிவித்தல் பலகையிலும் தமிழிலும் சிங்களத்திலும் ஒட்டுங்கள். அதன் கீழே சிறுவர் பாதுகாப்பு அதிகார சபையின் 1929 என்ற இலக்கத்தை எழுதுங்கள். அடிக்காமல் வகுப்பை நடத்தும் பயிற்சியைச் சேவையிலுள்ள எல்லா ஆசிரியருக்கும் பாடசாலை நேரத்துக்குள்ளேயே கொடுங்கள். ஐந்தாம் தரப் பெறுபேற்றோடு பத்து வயதுப் பிள்ளைகளின் படங்களைப் பதாகையில் தூக்குவதை நிறுத்துங்கள்.

அதிபர்களிடம்: பலகையில் பெயர் எழுதும் வழக்கத்தை இந்தத் தவணையோடு முடியுங்கள். மாணவர் தலைவர் பொறுப்பைச் சுழற்சியில் எல்லோருக்கும் கொடுங்கள். ஒவ்வொரு மாணவர் தலைவருக்கும் கீழ்வகுப்புப் பிள்ளை ஒன்றுக்கு வாசிக்கக் கற்பிக்கும் கடமையைச் சேருங்கள். பெல் எழும்பூரில் செய்ததை நாம் இங்கே மீட்டெடுக்கலாம். கிழமைக்கு ஒரு பாடவேளையை வகுப்புச் சபைக்கு ஒதுக்குங்கள்.

ரியூசன் நடத்துபவர்களிடம்: ஞாயிறு காலையை விட்டுவிடுங்கள். ஒன்பதாம் தரத்துக்குக் கீழ்ப்பட்ட பிள்ளைகளை இரவு ஏழு மணிக்கு மேல் வைத்திருக்காதீர்கள். ஒலிவாங்கியில் பிள்ளையின் புள்ளியைச் சொல்லிச் சிரிக்காதீர்கள்.

பழைய மாணவர் சங்கங்களிடம்: பிக் மேட்ச் வாரத்தில் உங்கள் நடத்தையைத்தான் பையன்கள் பார்த்துச் செய்கிறார்கள். மதுவை மைதானத்துக்கு வெளியே வையுங்கள்.

8. எங்கள் கடப்பாடு

கேட்பதற்கு முன் நாங்கள் செய்யவேண்டியவை உண்டு. பிள்ளையை அடிக்கும்படி எந்த ஆசிரியரிடமும் சொல்லமாட்டோம், வீட்டிலும் அடிக்கமாட்டோம். பாடசாலை அனுமதிக்காகப் பொய் ஆவணம் தயாரிக்கமாட்டோம். சாப்பாட்டு மேசையில் பிள்ளைக்குப் போன் இல்லையென்றால் எங்களுக்கும் இல்லை. நாளொன்றுக்கு ஒரு மணி நேரம் பிள்ளையின் சொந்த நேரம். அதில் வகுப்பும் வைக்கமாட்டோம், ‘சும்மா இருக்கிறாய்’ என்று கேட்கவும் மாட்டோம். பாடசாலை வாசலில் இரண்டாம் வரிசையில் காரை நிறுத்தி ஹோர்ன் அடிக்கமாட்டோம். மஞ்சள் கோட்டில் பிள்ளைக்கு முன்னால் நாங்களே நின்று கடப்போம்.

இயக்கத்தின் செயற்குழுவில் மூன்றில் ஒரு பங்கு மாணவர்கள் இருப்பார்கள். அவர்களின் வாக்குக்குப் பெரியவரின் வாக்குக்குச் சமமான பெறுமதி. இயக்கத்துக்குப் பெயர் வைப்பதையும் முதலாவது பொதுக்கூட்டத்தில் அவர்களிடமே விடுகிறோம். கட்சிகளோடு எங்களுக்குத் தொடர்பில்லை. ரியூசன் நிறுவனங்களிடமிருந்து பணம் வாங்கமாட்டோம். கணக்கைத் தவணைதோறும் இரு மொழியிலும் வெளியிடுவோம். முதல் வேலையாக, இப்பகுதிச் சிங்கள, தமிழ்மொழிமூலப் பிள்ளைகளைக் கலந்து அணிகள் அமைத்து மாலை விளையாட்டுகளைத் தொடங்குகிறோம். அங்கே நடுவர்களும் பிள்ளைகளே.

9. இரண்டு மறுப்புகளுக்குப் பதில்

“கண்டிப்புக் குறைந்தால் பிள்ளைகள் கெட்டுப்போவார்கள்” என்பார்கள். கண்டிப்பை நாங்கள் குறைக்கவில்லை. தானே எழுதிய விதியை மீறிய பிள்ளை தன் வகுப்பின் முகத்தைப் பார்த்துப் பதில் சொல்ல வேண்டும். இரண்டு அடி வாங்கிவிட்டுப் போவதைவிட அது கடினம். தொடக்கத்தில் சத்தம் கூடும், நேரம் போகும், சில வகுப்புகள் குழம்பும். அதை ஒளிக்காமல் முன்கூட்டியே சொல்கிறோம். சைக்கிள் பழகாமல் யாரும் ஓடியதில்லை.

“இது போட்டி உலகம், பெறுபேறு வேண்டாமா” என்பார்கள். வேண்டும். எங்கள் பிள்ளைகளும் பரீட்சை எழுதுகிறவர்கள்தான். ஆனால் காவல் இருந்து படிப்பித்த பிள்ளை, காவல் இல்லாத விடுதி அறைக்குப் போன முதல் வருடத்தில் தடுமாறுவதை எங்கள் குடும்பங்களில் பார்த்திருக்கிறோம். தானே எழும்பி, தானே உட்கார்ந்து படிக்கப் பழகிய பிள்ளைக்குப் பரீட்சைக்குப் பிறகும் ஒரு வாழ்க்கை உண்டு.

10. அழைப்பு

ஆசிரியர்களே, அடுத்த முறை வகுப்பை விட்டு வெளியே போகும்போது பலகையில் யாரையும் காவல் வைக்காதீர்கள். ஒரு வேலையைக் கொடுத்து, வந்து அதைப் பற்றிப் பேசுவேன் என்று சொல்லிவிட்டுப் போங்கள். சொன்னபடி வந்து பேசுங்கள். பெற்றோரே, இந்தக் கிழமை பிள்ளைக்குக் கொடுத்த ஒரு வாக்கை, எந்தப் பரீட்சை குறுக்கே வந்தாலும் நிறைவேற்றுங்கள். மாணவரே, கீழ்வகுப்பில் வாசிக்கத் திணறும் ஒரு தம்பியை அல்லது தங்கையைத் தேடிப் பக்கத்தில் இருங்கள்.

இந்த மூன்றுக்கும் சுற்றறிக்கையோ பணமோ அனுமதியோ தேவையில்லை. இவற்றைச் செய்யத் தொடங்கிய எவரும் இந்த இயக்கத்தின் உறுப்பினர். செய்துவிட்டு வாருங்கள், கையெழுத்தைப் பிறகு வாங்கிக்கொள்கிறோம்.